காப்புரிமைத் தரவில் இரட்டை எண்கள்: எதை அழிப்பது, எதை விடுவது?

கரன்_வெள்ளவத்தை
திங்கள், இரவு 10.52

வணக்கம். தலை வெடிக்கிறது, அதனால்தான் இந்த நேரத்தில் எழுதுகிறேன்.

கொழும்பில் ஒரு சிறிய தரவு நிறுவனத்தில் வேலை செய்கிறேன். விரிவுரையாளர் ஒருவர் தேயிலை இயந்திரங்களின் வரலாற்றை ஆராய்கிறார். கொழுந்தை வாட்டுவது, உருட்டுவது, உலர்த்துவது ஆகிய மூன்று வேலைக்கும் 19ஆம் நூற்றாண்டிலிருந்து இன்றுவரை எந்தெந்த நாட்டில் என்னென்ன காப்புரிமை எடுத்தார்கள் என்று ஒரே அட்டவணையாகக் கேட்டார். நானும் மூன்று இடத்திலிருந்து தரவை இறக்கி ஒன்றாக ஒட்டினேன். பதினோராயிரம் நிரை வந்தது. ஒரே எண் பல தடவை வருகிறதே என்று எக்செலில் எண் நிரலைத் தெரிவு செய்து இரட்டிப்பை நீக்கும் பொத்தானை அழுத்தினேன். எட்டாயிரத்துக்குக் கீழே இறங்கியது. அழகாகச் சுத்தமாகிவிட்டது என்று நினைத்து அனுப்பியும் விட்டேன்.

இன்று பின்னேரம் தொலைபேசியில் வந்தார். "தம்பி, டேவிட்சனைக் காணவில்லையே?" சாமுவேல் கிளீலண்ட் டேவிட்சன். அசாமில் தோட்டம் நடத்திவிட்டு, 1881இல் பெல்ஃபாஸ்டில் சிரோக்கோ தொழிற்சாலையைத் தொடங்கிய மனிதர். சிரோக்கோ இல்லாமல் தேயிலை உலர்த்திக்கு என்ன வரலாறு என்று கேட்டார். நியாயமான கேள்வி.

தேடிப் பார்த்தால் அவருடைய ஒரு பிரித்தானியக் காப்புரிமையின் எண்ணில் இப்போது சைக்கிள் விளக்கு ஒன்று இருக்கிறது. அதே நாடு, அதே எண். இது தரவுத்தளத்தின் பிழையா, என்னுடைய பிழையா?

நிசாந்தன்
திங்கள், இரவு 11.10

உங்களுடைய பிழை. எண்ணை மட்டும் வைத்து யாராவது இரட்டிப்பு நீக்குவார்களா? நாடு, எண், வகைக் குறி (என்ன வகை ஆவணம் என்று எண்ணின் பின்னால் வரும் எழுத்து) மூன்றையும் சேர்த்து ஒரு கீ, அதாவது ஒரு நிரையை அடையாளம் காட்டும் சாவி, செய்யுங்கள். ஐந்து நிமிட வேலை. மூல கோப்பு இருக்கிறதுதானே?

கரன்_வெள்ளவத்தை
செவ்வாய், காலை 8.35

மூல கோப்பு இருக்கிறது, கடவுள் காப்பாற்றினார்.

அண்ணை, நீங்கள் சொன்னபடி செய்தேன். பாதிப் பிரச்சினை போய்விட்டது. மற்றப் பாதி அப்படியே நிற்கிறது. பிரித்தானிய ஆவணங்களில் நாடும் ஒன்று, எண்ணும் ஒன்று, வகையும் "ஏ" என்று ஒன்று, ஆனால் தலைப்பு வேறு. ஒரு எண்ணுக்கு ஐந்து தலைப்புகூட வருகிறது.

சிவகாமி
செவ்வாய், காலை 10.20

தம்பி கரன், யாரும் பிழை செய்யவில்லை. பிரித்தானியர் எண் போட்ட விதம் அப்படி.

நான் புதுக்கடைப் பக்கம் காப்புரிமை முகவர் அலுவலகம் ஒன்றில் நீண்ட காலமாக இருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பிரித்தானியாவில் 1852ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகு, ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் எண் திரும்பவும் 1இலிருந்து தொடங்கும். 1915 முடியும் வரை இதுதான் வழக்கம். 1916இல்தான் 100001 என்று தொடங்கி ஒரே தொடராகப் போனார்கள். இப்போது கணக்கைப் பாருங்கள். 431 என்ற எண்ணை எடுத்துக்கொண்டால் அறுபதுக்கு மேற்பட்ட ஆண்டுகளில் அறுபதுக்கு மேற்பட்ட விண்ணப்பங்களுக்கு அது கொடுக்கப்பட்டிருக்கும். அவை எல்லாம் அச்சாகவில்லை. எண் வாங்கிவிட்டு இடையில் கைவிட்டவர்களும் உண்டு. அப்படியிருந்தும் பெரிய கூட்டம்தான். உங்கள் டேவிட்சன் அந்தக் கூட்டத்தில் நசுங்கிவிட்டார்.

அந்தக் காலத்து ஆட்களுக்கு இதில் ஒரு குழப்பமும் இல்லை. "1887ஆம் ஆண்டின் இத்தனையாம் எண்" என்றுதான் சொல்வார்கள், எழுதுவார்கள். ஆண்டு எண்ணின் ஒரு பகுதி. பிற்காலத்தில் கணினியில் ஏற்றியவர்களில் சிலர் ஆண்டை முன்னால் ஒட்டி ஒன்பது இலக்கமாக்கினார்கள், சிலர் ஆண்டை வேறு நிரலில் போட்டார்கள், சிலர் விட்டுவிட்டார்கள். உங்கள் மூன்று மூலங்களில் ஒன்று மூன்றாவது இனம் என்று நினைக்கிறேன்.

காலி வீதி 200ஆம் இலக்கம் என்று மட்டும் ஓட்டோக்காரரிடம் சொல்லிப் பாருங்கள். கொழும்பா, தெகிவளையா, மொரட்டுவையா என்று கேட்காமல் மீட்டரைப் போட மாட்டார்.

பழைய_நூலகர்
செவ்வாய், காலை 11.45

சிவகாமி அம்மா சொன்னதற்கு ஒரு வால் ஒட்டுகிறேன்.

1852க்கு முந்திய பிரித்தானியக் காப்புரிமைகளுக்கு, வழங்கிய காலத்தில் எண்ணே கிடையாது. பென்னட் வுட்குரொஃப்ட் என்பவர் பின்னாளில் உட்கார்ந்து 1617 முதல் 1852 வரையிலான எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி 1 முதல் 14359 வரை எண் கொடுத்தார். அதனால் 1852 என்ற ஒரே ஆண்டில் இரண்டு வரிசை உண்டு: பழைய வரிசையின் கடைசி எண்களும், ஒக்டோபரில் தொடங்கிய புதிய வரிசையின் முதல் எண்களும். ஆண்டை ஒட்டிவிட்டேன், இனிப் பயமில்லை என்று இருந்தால் அந்த ஆண்டில் மட்டும் சறுக்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்கள் நூலகத்தில் அட்டைப் பட்டியல்தான். ஒரே எண்ணுள்ள அட்டைகளை றப்பர் பட்டி போட்டுக் கட்டி வைத்திருப்போம். மூலையில் சிவப்பு மையால் ஆண்டு. மழைக்காலத்தில் இழுப்பறைக்குள் ஈரம் பிடித்துச் சிவப்பு மை பக்கத்து அட்டையில் ஊறும். ஒரு தடவை ஆண்டு மங்கிப் போன கட்டு ஒன்றைப் பயிற்சிக்கு வந்த பையன் "எல்லாம் ஒன்றுதானே ஐயா" என்று சொல்லி ஒரு அட்டையை மட்டும் வைத்துவிட்டு மற்றவற்றைக் கழித்துவிட்டான். கரன், நீங்கள் அழுத்திய பொத்தானை அவன் கையால் செய்தான், அவ்வளவுதான்.

ரவி_ஹட்டன்
செவ்வாய், பகல் 12.30

ஐயா கதை சூப்பர்.

கரன் மச்சான், எக்செலில் என்றால் அடியே அங்கேதான் தொடங்குகிறது. நீ கோப்பை இரட்டைக் கிளிக் செய்து திறந்தாயா, இல்லை எழுத்து வடிவமாக இறக்குமதி செய்தாயா? நான் போன வருடம் இந்தியத் தரவில் வாங்கிய அடியைச் சொல்கிறேன்.

இந்தியாவில் 2016 ஜனவரி முதல் விண்ணப்ப எண் 12 இலக்கம். முதல் நான்கு ஆண்டு, அடுத்தது எந்த அலுவலகம் (டில்லி 1, மும்பை 2, கொல்கத்தா 3, சென்னை 4), அதற்கடுத்தது விண்ணப்ப வகை, மிச்சம் ஆறு வரிசை எண். 201641012345 என்று இருந்தால் 2016, சென்னை, சாதாரண விண்ணப்பம் என்று பார்த்தவுடனே வாசிக்கலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் எக்செல் 12 இலக்க எண்ணைக் கண்டவுடன் 2.01641ஈ+11 என்று சுருக்கிக் காட்டும். காட்டினால் பரவாயில்லை. அந்தக் கோப்பைத் திரும்ப சிஎஸ்வி என்ற வெறும் எழுத்துக் கோப்பாகச் சேமித்தால் காட்டியதையே சேமிக்கும்! அந்த ஆண்டு சென்னையில் போட்ட சாதாரண விண்ணப்பம் எல்லாவற்றுக்கும் ஒரே எண். பேந்து இரட்டிப்பு நீக்கினால் சென்னை முழுவதும் ஒரு நிரை. நான் அந்த ஒரு நிரையைப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் இருந்தேன்.

இன்னொன்று. அமெரிக்காவில் மறுவெளியீட்டுக் காப்புரிமைக்கு (பிழை திருத்தித் திரும்ப வழங்கியது) எண்ணின் முன்னால் "ஆர்ஈ", பின்னால் வகைக் குறி "ஈ1". முன்னெழுத்தை வெட்டிவிட்டுக் குறியை ஒட்டினால் 38123ஈ1 என்ற மாதிரி வரும். ஆங்கில எழுத்தில் அது எக்செலுக்கு 38123 தர பத்து. சத்தமே இல்லாமல் 381230 ஆகிவிடும். அப்படி ஓர் எண்ணுள்ள வேறு காப்புரிமை உண்மையிலேயே இருக்கிறது என்பதுதான் இதில் கொடுமை.

கரன்_வெள்ளவத்தை
செவ்வாய், பகல் 12.41

இரட்டைக் கிளிக்தான் செய்தேன் மச்சான். 🙈

நிசாந்தன்
செவ்வாய், பிற்பகல் 2.05

சரி, 1916க்கு முந்திய பிரித்தானியாவுக்கு ஆண்டையும் சேருங்கள். எக்செலைக் கைவிட்டு எஸ்கியூஎல் தரவுத்தளத்துக்குப் போங்கள், எல்லா நிரலும் எழுத்து வடிவம். அதற்கு மேல் என் மூன்று நிரல் கீ போதும். வகைக் குறி எதற்கு இருக்கிறது? உலக அறிவுசார் சொத்து அமைப்பின் தர நியமமே இருக்கிறது, எஸ்டி 16. இதைப் பெரிய மர்மமாக்கத் தேவையில்லை.

சிவகாமி
செவ்வாய், மாலை 4.50

நிசாந்தன், நியமம் இருக்கிறது. ஆனால் அது ஆவணம் எந்தக் கட்டத்தில் வெளியானது என்பதற்கான குறி. இரண்டு ஆவணம் ஒரே விண்ணப்பத்தைச் சேர்ந்தவையா என்று அது சொல்லாது. மூன்று அலுவலகத்தை எடுத்துப் பார்ப்போம்.

ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தில் ஏ1 என்றால் தேடல் அறிக்கையோடு (முன்பே இருந்த ஒத்த கண்டுபிடிப்புகளின் பட்டியல்) வெளியான விண்ணப்பம். ஏ2 என்றால் அறிக்கை இல்லாமல் வெளியானது, ஏ3 பிறகு தனியாக வந்த அறிக்கை. பி1 வழங்கப்பட்ட காப்புரிமை, பி2 ஆட்சேபத்துக்குப் பிறகு திருத்தியது. எல்லாவற்றுக்கும் வெளியீட்டு எண் ஒன்றே. அதாவது எண் ஒன்று, வகை வேறு என்றால் அங்கே ஒரே விடயம்.

ஜப்பானில் நேர் எதிர். 1996 வரை, பரிசீலனைக்கு முன் வெளியிடும் "ஏ" வரிசை வேறு, பரிசீலித்த பின் வெளியிடும் "பி" வரிசை வேறு. இரண்டும் ஆண்டுதோறும் 1இலிருந்து தொடங்கும். ஆகவே ஹெய்செய் 5ஆம் ஆண்டின் (ஜப்பானியக் கணக்கில் 1993) 12345 ஏ ஒரு கண்டுபிடிப்பு, அதே ஆண்டின் 12345 பி முற்றிலும் வேறு ஆளின் வேறு கண்டுபிடிப்பு. பயன்பாட்டு மாதிரிகளுக்கு (சின்னக் கண்டுபிடிப்புகளுக்கான தனி உரிமை) இன்னொரு வரிசை, அதுவும் அதே அமைப்பில். 1996இல்தான் வழங்கிய காப்புரிமைகளை 2500001 முதல் ஒரே தொடராக வெளியிடத் தொடங்கினார்கள்.

அமெரிக்காவில் மூன்றாவது மாதிரி. 2001 மார்ச்சில் விண்ணப்பங்களை வெளியிடத் தொடங்கினார்கள். வெளியீட்டுக்கு ஆண்டோடு ஓர் எண், வழங்கும்போது அதோடு தொடர்பே இல்லாத வேறு எண். ஒரே விடயத்துக்கு இரண்டு எண்.

இதற்கு மேல் குறியின் பொருளும் மாறும். அமெரிக்காவில் 2001க்கு முன் பி1 என்றால் மறுபரிசீலனைச் சான்றிதழ். 2001 ஜனவரியிலிருந்து பி1 என்றால் முன்வெளியீடு இல்லாமல் வழங்கிய காப்புரிமை, மறுபரிசீலனைக்கு சி1. உங்கள் கீயில் இரண்டும் பி1 என்று ஒன்றாகவே இருக்கும்.

எனக்குத் தெரிந்த ஓர் அலுவலகத்தில் ஒரு கட்சிக்காரருக்காக ஜப்பானிய ஆவணம் ஒன்று வேண்டியிருந்தது. பட்டியலில் எண் மட்டும் இருந்தது, வகைக் குறி இல்லை. எடுத்தவர் "வழங்கினதைத்தானே பார்க்க வேண்டும்" என்று பி என்பதை அழைத்து மொழிபெயர்ப்புக்கும் காசு கட்டிவிட்டார். றப்பர் பால் கெட்டியாக்கும் முறைக்குக் காத்திருந்தவரிடம் வந்து சேர்ந்தது தையல் இயந்திரத்தின் ஊசிப் பிடி. படங்கள் மட்டும் வடிவாக இருந்தன.

பழைய_நூலகர்
செவ்வாய், மாலை 5.30

அமெரிக்காவைப் பற்றிப் பேசும்போது எண் 1ஐ விட்டுவிடக் கூடாது. 1790இல் சாமுவேல் ஹொப்கின்ஸ் பொட்டாஷ் செய்யும் முறைக்கு வாங்கியதுதான் முதல் காப்புரிமை, ஆனால் அப்போது எண் போடும் வழக்கம் இல்லை. 1836 ஜூலையில் எண் போடத் தொடங்கி ஜோன் றக்கிள்ஸ் என்பவருடைய ரயில் சக்கரத்துக்கு 1 கொடுத்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் காப்புரிமை அலுவலகம் எரிந்தது. பழையவற்றில் மீட்டெடுக்க முடிந்தவற்றுக்குப் பிறகு "எக்ஸ்" என்ற எழுத்தோடு எண் கொடுத்தபோது ஹொப்கின்ஸ் எக்ஸ் 1 ஆனார். 1842இல் ஜோர்ஜ் புரூஸ் அச்செழுத்து வடிவத்துக்கு வாங்கியது டி 1. 1931இல் ஹென்றி பொசன்பேர்க் ஒரு கொடி ரோஜாவுக்கு வாங்கியது பிபி 1. மறுவெளியீட்டு வரிசையும் தனியாக 1இலிருந்து வருகிறது.

எழுத்தை வெட்டினால் பொட்டாஷும் ரயில் சக்கரமும் அச்செழுத்தும் ரோஜாவும் ஒரே நிரை.

நிசாந்தன்
செவ்வாய், இரவு 7.15

சரி சரி, ஜப்பான் விடயம் எனக்குத் தெரியாது, ஏற்றுக்கொள்கிறேன். ஐரோப்பியப் பழக்கத்தை வைத்தே யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் இதையெல்லாம் நாமே செய்யத் தேவையில்லையே. ஐரோப்பிய அலுவலகத்தின் மூலத் தரவிலேயே எண்களை ஒரு சீராக்கி வைத்திருக்கிறார்கள். 1972இல் வியன்னாவில் தொடங்கி, 1991இல் ஐரோப்பிய அலுவலகத்தோடு சேர்ந்த இன்படோக் என்ற காப்புரிமை ஆவண மையத்தின் காலத்திலிருந்து நடக்கும் வேலை அது. அதை எடுத்தால் முடிந்தது.

கரன்_வெள்ளவத்தை
செவ்வாய், இரவு 9.40

அண்ணை, என் மூன்று மூலங்களில் ஒன்று அதிலிருந்து வந்ததுதான். அதனால்தான் இன்னொரு கூத்து. இன்று முழுக்க ஒரே எண்ணுக்கு இரண்டு ஆவணம் தேடினேன் அல்லவா? இப்போது ஒரே ஆவணத்துக்கு இரண்டு எண் வருகிறது!

அமெரிக்க விண்ணப்ப வெளியீடு ஒன்று. அமெரிக்கத் தரவில் ஆண்டு நான்கு, பிறகு ஏழு இலக்கம்: 2005, 0123456 என்ற அமைப்பு. ஐரோப்பியச் சீரமைப்பில் அந்த ஏழில் முதல் சுழியத்தை எடுத்து ஆறாக்கியிருக்கிறார்கள்: 2005123456. பார்த்தால் வேறு வேறு எண். தலைப்பைப் பார்த்தால் அச்சு அசல் ஒன்று. நாடு, எண், வகை, தேதி எல்லாம் சேர்த்துக் கீ செய்தாலும் இவை சேராது.

ரவி_ஹட்டன்
செவ்வாய், இரவு 9.58

மச்சான், இது நம்முடைய அடையாள அட்டைக் கதை! பழைய அட்டையில் ஒன்பது இலக்கம், கடைசியில் ஓர் எழுத்து. 2016இல் வந்த புது அட்டையில் 12 இலக்கம். பழையதைப் புதியதாக்க முன்னால் 19 போட்டு, பிறந்த நாளுக்குரிய மூன்று இலக்கத்துக்குப் பிறகு ஒரு சுழியம் செருகி, எழுத்தை எடுத்துவிட வேண்டும். வங்கியில் பழைய எண், தொலைபேசிக் கம்பனியில் புது எண். ஆள் ஒருவர்தான். நீயும் அதே மாதிரி நாலாவது இலக்கத்துக்குப் பிறகு ஒரு சுழியத்தைச் செருகு.

ஆனால் எல்லா நாட்டுக்கும் செருகாதே. அமெரிக்க வெளியீடுகளுக்கு மட்டும்.

சிவகாமி
புதன், காலை 9.30

ரவியின் அடையாள அட்டை உவமை அருமை, இனி எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு இதையே சொல்லப் போகிறேன்.

இதே இனத்தில் இன்னும் சில. சர்வதேச விண்ணப்ப வெளியீடுகள், டபிள்யூஓ என்று வருபவை, பழையதில் ஆண்டு இரண்டு இலக்கம், எண் ஐந்து இலக்கம். 2004 முதல் ஆண்டு நான்கு, எண் ஆறு. பழைய 99/12345 ஒரு மூலத்தில் 9912345 என்றும் இன்னொன்றில் 1999012345 என்றும் கிடக்கும். ஐரோப்பிய விண்ணப்ப எண்ணில் புள்ளிக்குப் பிறகு ஒரு சரிபார்ப்பு இலக்கம் உண்டு. சிலர் புள்ளியை மட்டும் எடுத்துவிட்டு இலக்கத்தை வைப்பார்கள், சிலர் இரண்டையும் எடுப்பார்கள். அமெரிக்க விண்ணப்ப எண்ணில் 08, 09, 10 என்று முன்னால் வரும் தொடர்க் குறியை விட்டால் திரும்பவும் முதல் பிரச்சினைக்கு வந்துவிடுவீர்கள், 08/123456 வேறு, 09/123456 வேறு. பழைய இந்திய எண்களிலும் அதே கதை: 1234/சிஎச்ஈ/2008 சென்னையில் நேராகப் போட்ட விண்ணப்பம், 1234/சிஎச்ஈஎன்பி/2008 சர்வதேச வழியாகச் சென்னைக்கு வந்த வேறொன்று. தேயிலை என்றால் உங்களுக்கு இந்தியா நிறைய வரும், கவனம்.

நிசாந்தன்
புதன், காலை 10.10

அப்படியானால் தலைப்பையும் விண்ணப்பதாரர் பெயரையும் ஒப்பிட்டுத் தானாகச் சேர்க்க ஒரு ஸ்கிரிப்ட் எழுதித் தருகிறேன். தொண்ணூறு சதவீதம் ஒத்தால் ஒன்றாக்கிவிடலாம்.

சிவகாமி
புதன், காலை 10.35

வேண்டாம். "தேயிலை உலர்த்தும் இயந்திரங்களில் மேம்பாடுகள்". 19ஆம் நூற்றாண்டில் பாதிப் பேர் இந்த ஒரே தலைப்பில்தான் விண்ணப்பம் போட்டார்கள். ஒரே ஆள் ஆண்டுக்கு இரண்டு தடவையும் போடுவார். தலைப்பும் பெயரும் நூறு சதவீதம் ஒக்கும், இயந்திரம் வேறு.

நிசாந்தன்
புதன், காலை 10.38

ம்ம். தேதியையும் சேர்த்தால்?

பழைய_நூலகர்
புதன், காலை 11.20

நிசாந்தன் தம்பி, சேர்ப்பதில் உள்ள அவசரம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரே ஆவணம் இரண்டு நிரையாகக் கிடந்தால் பார்ப்பவர் என்றைக்காவது கண்டுபிடிப்பார். கண்ணுக்கு முன்னால்தான் கிடக்கிறது. இரண்டு ஆவணத்தை ஒரு நிரையாக்கிவிட்டால் தொலைந்ததைத் தேட வேண்டும் என்றே யாருக்கும் தோன்றாது. டேவிட்சன் பெயர் பெற்ற மனிதர் என்பதால் விரிவுரையாளர் கேட்டார். பெயர் தெரியாத ஒரு தோட்டத்துப் பொறியியலாளரின் காப்புரிமை அன்றைக்கு அதே பொத்தானில் போயிருந்தால் யார் தொலைபேசி எடுப்பார்கள்?

அழிக்காதீர்கள். ஒரு நிரலைக் கூட்டி "இது அதுவாக இருக்கலாம்" என்று குறி போட்டு வையுங்கள். மூலத்தில் இருந்த எண்ணை அப்படியே, சுழியம் புள்ளி சாய்கோடு எல்லாவற்றோடும் ஒரு நிரலில் வையுங்கள். சீராக்கிய எண் வேறு நிரலில் இருக்கட்டும்.

நிசாந்தன்
புதன், பகல் 12.02

ஐயா சொல்வது சரி. அப்படியென்றால் ஸ்கிரிப்ட் சேர்க்காது, சந்தேகப் பட்டியல் மட்டும் போடும். ஒரு எண்ணுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தேதி அல்லது தலைப்பு இருந்தால் ஒரு பட்டியல். ஒரு தேதி, ஒரு விண்ணப்பதாரர், ஆனால் எண் வேறு என்றால் இன்னொரு பட்டியல். நாட்டுக்கும் காலத்துக்கும் தனித் தனி விதி, சிவகாமி அக்கா சொன்னபடி. இன்றிரவு தருகிறேன் கரன்.

இன்னொன்றையும் போடுகிறேன். பேட்ஸ்டாட் என்ற ஐரோப்பிய அலுவலகத்தின் புள்ளிவிவரத் தரவுத்தளம் வழியாக எடுத்த தரவென்றால் அதில் போலி நிரைகள் இருக்கும். ஓர் ஆவணம் தன் முன்னுரிமை விண்ணப்பம் (அதே கண்டுபிடிப்புக்கு முதலில் போட்டது) என்று சொல்லும் எண் தரவுத்தளத்திலேயே இல்லாவிட்டால், இடம் பிடிக்க ஒரு வெற்று நிரை உருவாக்கி வைப்பார்கள். எண் மட்டும் இருக்கும், தலைப்பு இருக்காது. எண் தப்பாகத் தட்டச்சு ஆகியிருந்தாலும் அப்படி ஒன்று பிறக்கலாம்.

ரவி_ஹட்டன்
புதன், பகல் 12.09

பேய் நிரை 👻

கரன்_வெள்ளவத்தை
வெள்ளி, இரவு 8.25

மன்னிக்கவும், இரண்டு நாளாக எழுத முடியவில்லை. நிசாந்தன் அண்ணையின் ஸ்கிரிப்டை ஓட்டி, சந்தேகப் பட்டியலை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண் பூத்துவிட்டது.

ஜப்பானியவை சுத்தமாகப் பிரிந்துவிட்டன. நான் திங்கட்கிழமை அழித்ததில் ஒரு பெரிய பங்கு அவைதான், எல்லாம் உயிரோடு திரும்பி வந்துவிட்டன. அமெரிக்கச் சுழியம் ஒரே வரியில் தீர்ந்தது. இந்தியாவில் 2.01641ஈ+11 மூலக் கோப்பிலேயே இல்லை, நான்தான் உண்டாக்கியிருக்கிறேன்.

பிரித்தானியாவில் ஒரு கட்டு மட்டும் மிஞ்சியது. ஆண்டைச் சேர்த்த பிறகும் எண் ஒன்று, ஆண்டு ஒன்று, தலைப்பு இரண்டு. ஒன்று உலர்த்தி, மற்றது ஏதோ கதவுப் பூட்டு. சிவகாமி அக்கா சொன்ன விதியே உடைந்துவிட்டதா என்று நினைத்து, கடைசியில் தரவை மூடிவிட்டு வருடிய படத்தைத் திறந்தேன். முதல் பக்கத்தின் தலையில் எண், அதன் பக்கத்தில் ஆண்டு. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இரண்டு தேதி: விண்ணப்பித்த நாள் ஒன்று, ஏற்றுக்கொண்ட நாள் ஒன்று. உலர்த்திக்கு விண்ணப்பித்தது ஒக்டோபரில், ஏற்றது அடுத்த ஆண்டு ஓகஸ்டில். ஏற்றிய யாரோ இரண்டாவது தேதியிலிருந்து ஆண்டை எடுத்து எண்ணோடு ஒட்டியிருக்கிறார்கள். அடுத்த ஆண்டில் அதே எண் பூட்டுக்காரருடையது. அதனால் உலர்த்தி போய்ப் பூட்டோடு மோதியிருக்கிறது.

சிவகாமி
வெள்ளி, இரவு 8.50

பார்த்தீர்களா! எண் விண்ணப்பித்த ஆண்டுக்குரியது. ஏற்ற ஆண்டுக்கு அதில் பங்கில்லை. அந்த மூலத்தில் இலையுதிர் காலத்தில் விண்ணப்பித்தவை எல்லாவற்றையும் ஒரு தடவை பாருங்கள், ஜனவரி பெப்ரவரியில் போட்டவை பெரும்பாலும் தப்பியிருக்கும்.

கரன்_வெள்ளவத்தை
வெள்ளி, இரவு 9.15

ஓம் அக்கா, பார்த்தேன். நீங்கள் சொன்ன மாதிரியே ஆண்டின் பின்பாதியில் போட்டவைதான் ஓர் ஆண்டு தள்ளி நிற்கின்றன. அந்த மூலம் முழுவதற்கும் விண்ணப்பத் தேதியிலிருந்து ஆண்டைத் திரும்ப எடுத்துவிட்டேன்.

டேவிட்சன் வந்துவிட்டார். ஒன்றல்ல, ஒரு வரிசையாகவே வந்திருக்கிறார். விரிவுரையாளருக்கு அனுப்பினேன், பத்து நிமிடத்தில் பதில்: "நன்றி தம்பி. இப்போது இதில் மொத்தம் எத்தனை கண்டுபிடிப்பு என்று சொல்ல முடியுமா? ஒரே உலர்த்திக்கு இங்கிலாந்திலும் இந்தியாவிலும் அமெரிக்காவிலும் எடுத்ததை ஒன்றாக எண்ண வேண்டும்."

நிசாந்தன்
வெள்ளி, இரவு 9.22

ஐயோ. காப்புரிமைக் குடும்பம். புது இழை திறவுங்கள் கரன், இங்கே வேண்டாம். பிற்காலத்தவற்றை முன்னுரிமை எண் வைத்துச் சேர்க்கலாம், டேவிட்சன் காலத்துக்கு அதுவும் இருக்காது.

ரவி_ஹட்டன்
வெள்ளி, இரவு 9.24

திறக்க முதல் கோப்பை இரட்டைக் கிளிக் செய்யாதே மச்சான்.